நீ கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். விரல் மரத்துப்போனதால் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அது இப்போது பரவாயில்லை, பேனா நழுவுவதில்லை. நீ கேட்ட கேள்விதான் காரணம். "மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆயிற்று. இன்னும் ஏன் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருக்கிறாய்? மறந்துவிட்டு வேலையைப் பார்க்கக் கூடாதா?" இதோடு நிறுத்தியிருந்தால் நான்கு வரியில் பதில் போட்டிருப்பேன். அதற்குக் கீழே, "என்னிடம் சொல்லாததையெல்லாம் அவர்களிடம் சொல்லியிருக்கிறாய்" என்று ஒரு வரி எழுதினாய் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறார் என்றாய். அவர் எப்போது அடம்பிடிக்காமல் இருந்தார்? இங்கே மகன் ஒருவழியாகப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். நான் வேலைக்குத் திரும்பி ஏழு மாதம். தெரிந்தவர் பெயர்கூடச் சில சமயம் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. கீமோவின் மிச்சம், மெல்லத் தெளியும் என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆமாம், உன்னிடம் சொல்லவில்லைதான். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி முடிவு வந்த அன்று முதலில் உனக்குத்தான் போன் செய்தேன். நீ அழுதாய். பத்து நிமிஷம் நான்தான் உன்னைத் தேற்றினேன். குறையாகச் சொல்லவில்லை, என் தலையெழுத்தை நினைத்து அப்படி அழ எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் போனை வைத்தபிறகு என் அழுகையை எங்கே போய் அழுவது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து உன்னிடம் கொஞ்சம் வடிகட்டித்தான் பேசினேன். வீட்டுக்காரரிடமும் அப்படித்தான். மகனிடம் பாதிக்கும் கீழே. அம்மாவிடம் ஆபரேஷனுக்கு முதல் நாள்தான் சொன்னேன். அப்போது எனக்கு வயது 49. மேலே ஒரு தலைமுறை, கீழே ஒரு தலைமுறை, ஆளுக்கேற்ற முகம் ஒன்று தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. நோயைவிட அதுதான் அலுப்பு.

சனிக்கிழமை அந்தப் பெண்கள் கூடும் அறைக்கு நான் விரும்பிப் போகவில்லை. முதல் கீமோவுக்கு முந்தைய வாரம் நர்ஸ் ஒருவர் வற்புறுத்தி அனுப்பினார். வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்பது பெண்கள். எல்லோரும் 40க்கு மேல், 60க்குள். நாங்கள் கணக்கு டீச்சர் என்று கூப்பிடும் ஒருவர், புதிதாக வந்த பெண்ணுக்கு முடி கொட்டும் தேதியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்குமாம். "அதுக்கு முன்னாடி மண்டைத்தோல் வலிக்கும், தலையணையில் தலை வைக்க முடியாது. அன்னைக்கே ஒட்ட வெட்டிடு. கொத்துக் கொத்தா கையில வர்றதைப் பார்க்காதே" என்றார். எனக்கு 16ஆம் நாள் வலித்தது. 17ஆம் நாள் வெட்டிக்கொண்டேன். நீ அடுத்த வாரம் வந்து, "என்ன தைரியம்டி உனக்கு!" என்றாய். தைரியமெல்லாம் இல்லை, டீச்சர் போட்ட கணக்கு.

மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கையேடு கொடுத்தார்கள், எடுத்துச் சொன்னார்கள். ஆனால் கையேட்டில் 'சோர்வு' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அங்கே வரும் தையல்காரர் ஒருவர், தையல் அக்கா என்போம், அதைப் பிரித்துச் சொன்னார்: கீமோ அன்று நன்றாகவே இருப்பாய், வாந்தி வராமலிருக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு ராத்திரி தூங்க விடாது, அலமாரியைக் கலைத்து அடுக்கத் தோன்றும், அதை நம்பி மறுநாளைக்கு வேலை ஏதும் ஒப்புக்கொள்ளாதே, மூன்றாம் நாள் ஆளை அடித்துப் போட்டுவிடும். நடுராத்திரி இரண்டு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். எழுந்து வந்து பார்த்த வீட்டுக்காரர் பயந்துபோனார்.

இப்படி நிறைய. டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து, பார்க்கவே செக்கச்செவேல் என்றிருக்கும். அது ஏறிய பிறகு சிறுநீரும் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். ரத்தமோ என்று பதறாதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்காமலிருக்க என்ன பார்க்க வேண்டும், தோளைத் தூக்க முடியாதவள் சுவரில் விரல்களால் எப்படி மெல்ல ஏற வேண்டும், எல்லாம் அங்கே செய்து காட்டுவார்கள். வேடிக்கையாகப் பேசினாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ராணுவக் கண்டிப்பு. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4 தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. யாரை எழுப்பியாவது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீமோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அந்த நேரத்துக் கிருமி ராத்திரியோடு ராத்திரியாக ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொல்வார். ஒரு நள்ளிரவில் நான் எழுப்பியதற்காக வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் முணுமுணுத்ததில்லை.

இப்போது உன்னிடம் சொல்லாமல் அங்கே சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். நான்கு தடவை சிவப்பு மருந்து முடிந்து, வாராவாரம் பக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தை 12 வாரம் போட்டார்கள் அல்லவா, எட்டாவது வாரத்தில் விரல் நுனி மரத்துப்போனது. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. மருத்துவரிடம் மறைத்தேன். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்று நானாக ஒரு முடிவு. உன்னிடம் சொல்லியிருந்தால், "பொறுத்துக்கோ, இன்னும் நாலு வாரம்தானே" என்று என்னைத் தட்டிக்கொடுத்திருப்பாய். அங்கே சொன்னபோது தையல் அக்கா தன் கையை நீட்டினார். ஊசி பிடிக்கிற தொழில், ஊசி இருப்பது விரலுக்குத் தெரியவில்லை. "நானும் வீரம் காட்டினேன். அளவைக் குறைக்க வழியிருந்ததாம், எனக்குத்தான் கேட்கத் தெரியலை" என்றார். மறுநாளே போய்ச் சொன்னேன். அளவைக் குறைத்தார்கள். இந்தக் கடிதத்தை என் கையால் எழுதுகிறேன் என்றால் அதற்கு அக்கா நீட்டிய அந்தக் கையும் ஒரு காரணம்.

அங்கே எல்லாம் தங்கம் என்று நினைக்காதே. சண்டையும் உண்டு. ஒருத்திக்கு ஹார்மோன் சார்ந்த கட்டி, ஐந்து வருஷமோ பத்து வருஷமோ மாத்திரை. இன்னொருத்திக்கு ஹெர்2 என்ற புரதம் அதிகமுள்ள கட்டி, வருஷம் முழுக்கத் தனி ஊசி. மூன்றாமவளுக்கு இரண்டுமே இல்லாத வகை, அந்த ஊசியும் இல்லை, அந்த மாத்திரையும் இல்லை. பெயர் ஒன்று, வியாதி மூன்று. இது புரியாமல் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் அன்றைக்கு யாரோ ஒருத்தி தூங்க மாட்டாள். நானே நோய் தொட்ட என் நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டு ஒரு வாரம் வெந்திருக்கிறேன். ஏதோ மூலிகைப் பொடியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கு வைக்கப் பார்த்தார் ஒருவர். மருத்துவரைக் கேட்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று டீச்சர் தடுத்ததில் பொடிக்காரர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. வந்தபோது தலையில் விக் இல்லாமல், முடி முளைத்து, அழகாக வந்தார். பொடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இந்த மாதிரி ஒருத்திக்கு ஒருத்தி துணை நிற்பது புதிதில்லையாம். 1952இல் நியூயார்க்கில் தெரீஸ் லாஸர் என்ற பெண் மார்பகத்தை எடுத்த பிறகு, அதே நிலையில் இருந்த மற்ற பெண்களைத் தேடிப் படுக்கைக்கே போயிருக்கிறார். கையில் ஒரு பந்து, ஒரு கயிறு, ஒரு தற்காலிகப் பஞ்சு மார்பு. பந்தும் கயிறும் தோள் பயிற்சிக்கு. அந்தக் காலத்தில் மார்புத் தசையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார்களே, கை எழும்பாது. இந்த அம்மாள் எதற்கு இங்கே வருகிறார் என்று மருத்துவர்கள் சிலருக்கு எரிச்சலாம். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. பந்தையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக நடந்த அந்த அம்மாளைச் சில நாள் நினைத்துக்கொள்வேன்.

"மனசைத் தைரியமாக வைத்துக்கொள், பாதி வியாதி ஓடிவிடும்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாயே, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், கோபப்படாதே. நோய் பரவிய பெண்கள் 86 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1989இல் வந்தது. குழுவில் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2001இல் 235 பெண்களை வைத்து மறுபடி பார்த்தால் ஆயுளில் வித்தியாசமே இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு மனக்கலக்கம் குறைவு, வலியும் குறைவாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு இதை ஆலோசகர் சொன்னபோது சிலர் முகம் வாடியது. எனக்கு என்னவோ தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அப்படியானால் நான் ஒரு நாள் இடிந்து உட்கார்ந்தால் அதனால் கட்டி வளர்ந்துவிடாது. அழுததால் நோய் திரும்பியது என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வலி குறைந்தால் போதும், அதற்காகவே போகலாம்.

இனி உன் முதல் கேள்வி. ஏன் இன்னும் போகிறேன்.

தையல் அக்காவுக்குப் போன வருஷம் எலும்புக்குப் பரவிவிட்டது. அதன்பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். "புதுசா வர்றவங்க என்னைப் பார்த்துப் பயப்படுவாங்க" என்று சொல்லி அனுப்பினார். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அவர் வராத முதல் சனிக்கிழமை எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அவரைப் பார்க்க நானும் பயந்தேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அதை அறையில் அப்படியே சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு பார்த்தால் எல்லோருக்கும் அதே. பரவியவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது, அவர்கள் பேச வேண்டியது வேறு. ஆனால் அவரைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்வது அசிங்கமாகப் பட்டது. டீச்சரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

அக்கா சொன்னார்: "நீங்கள்லாம் சிகிச்சையை முடிக்கிறீங்க, முடிச்ச சந்தோஷத்துல மணி அடிக்கிறீங்க. எனக்கு முடியுறதுன்னு ஒண்ணு கிடையாது. இருக்கிற வரைக்கும் மருந்து. அதைக் கேட்க ஆள் இருந்தா வர்றேன்."

இருந்தது. வருகிறார். மருந்து கேட்கிறது, வலி கட்டுக்குள் இருக்கிறது, சில வாரம் படுத்துவிடுகிறார். போன மாதம் துணிக்குள் வைத்துக்கொள்ளும் தன் சிலிக்கோன் மார்பை நாற்காலியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அறையைப் பெருக்க வந்த பெண் போட்ட அலறலில் காவலாளி ஓடி வந்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குத் தையல் போட்ட இடமெல்லாம் வலித்தது. இதை உன்னிடம் போனில் சொன்னால் நீ சிரிக்க மாட்டாய், "ஐயோ பாவம்" என்பாய். இப்போது எழுதும்போதும் அந்த 'ஐயோ பாவம்' என் காதில் விழுகிறது.

எனக்கு டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தது போல, போன சனிக்கிழமை புதிதாக வந்த பெண்ணுக்கு நான் போட்டுக் கொடுத்தேன். 43 வயது. மகளுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டாள். பதில் தெரியவில்லை, என் மகனிடம் நான் சொதப்பிய கதையைச் சொன்னேன். நோட்டு எடுத்து எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் 14ஆம் தேதி எனக்கு வருஷாந்திர மாமோகிராம், மார்பக எக்ஸ்ரே. போன தடவை வீட்டுக்காரர் கூட வந்து, நானே பயந்துபோகும் அளவுக்கு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நீ வருகிறாயா? 'ஒன்றும் இருக்காது' என்று மட்டும் சொல்லாதே. எட்டாம் வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தது நீயா இல்லையா என்ற பழைய வழக்கை அந்த ஒரு மணி நேரத்தில் விசாரித்து முடித்துவிடலாம். வருவாய் என்றால் தேதியைக் குறித்துக்கொள், காலை ஒன்பது மணி.

அம்மாவுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் விடைத்தாளைப் பார்த்தெழுதிப் பாஸானவள்