'ஒரு குறையுமில்லை' என்ற பதிலோடு திரும்பிப் போகாதீர்கள்

அவுஸ்திரேலிய அரசின் முதியோர் பராமரிப்புக்குப் பொறுப்பான சுகாதாரத் திணைக்களத்துக்கு,

வணக்கம்.

2022 டிசெம்பரில் முதியோர் இல்லங்களின் தரத்தை நட்சத்திரங்களால் காட்டும் மதிப்பீடு வந்தபோது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதியோர் பராமரிப்பு பற்றி 2021இல் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் இறுதி அறிக்கையைப் படித்து நெஞ்சு பதறியவர்கள் நாங்கள். மொத்த மதிப்பீட்டில் 33 வீதத்தை அங்கே வசிப்பவர்களின் அனுபவத்துக்கே ஒதுக்கினீர்கள். ஊழியர்களின் பராமரிப்பு நேரத்துக்குக்கூட 22 வீதம்தான். மனதார வரவேற்கிறேன். அதனாலேயே அந்த 33 வீதத்துக்கான கருத்துகள் அங்கே வசிப்பவர்களிடம் எப்படிக் கேட்டுத் திரட்டப்படுகின்றன என்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

என் அம்மா சிட்னியில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். கருத்துக் கேட்க வந்த பெண் நல்லவர், அவசரப்படுத்தவில்லை. நான் பக்கத்தில் இருந்து கேள்விகளைத் தமிழில் சொன்னேன். "நீங்கள் ஏதாவது சொன்னால் ஊழியர்கள் அதைக் கவனிக்கிறார்களா?" என்ற கேள்விக்கு அம்மா யோசிக்காமல் "எப்போதும்" என்றார். அம்மா அங்கே ஒருநாளும் எதையும் சொன்னதில்லை. இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஊழியரை அழைக்கும் பஸரை அழுத்தாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார். கேட்டால், "பாவம் அந்தப் பிள்ளையள், ரெண்டு பேர்தானே ஓடித் திரியுதுகள்" என்பார். உங்கள் கணக்கில் இது முழுத் திருப்தி.

இது என் அம்மாவின் சுபாவம் மட்டுமல்ல. வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை இது. குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் கையை நம்பி இருக்கும்போது அந்தக் கையைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? மகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் வராது. மகளின் மனம் நோகும் என்று அம்மா அதையும் விழுங்கிவிடுவார்.

ஆகவே "எப்போதும், பெரும்பாலும், சில வேளைகளில், ஒருபோதுமில்லை" என்று அளக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். நேற்று இரவு பஸரை அழுத்தினீர்களா? யார் வந்தார்கள்? அழுத்தவில்லை என்றால், ஏன்? என் அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். இப்படிக் கேட்டால் உண்மை தானாக வந்துவிடும்.

சாப்பாடும் அப்படித்தான். "சாப்பாடு பிடித்திருக்கிறதா?" என்றால் "நல்லம்" என்பார். மாலை 5 மணிக்கு வரும் தட்டில் பாதி அப்படியே திரும்பிப் போகும். வசிப்பவர்களின் எதிர்பாராத எடைக் குறைவு பற்றிய கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இல்லத்திடமிருந்தும் நீங்களே கேட்டு வாங்குகிறீர்கள். அது மதிப்பீட்டின் தரக் குறிகாட்டிகள் என்ற பகுதியில் கிடக்கிறது. சாப்பாடு நல்லம் என்ற பதில் இன்னொரு பகுதியில். ஓர் இல்லத்தில் சாப்பாட்டைப் பலரும் புகழ்ந்து, எடையும் பலருக்குக் குறைந்துகொண்டே போனால், அங்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டாமா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க புதிதாக ஒரு கருத்துக்கணிப்பும் தேவையில்லை.

அப்புறம், மொழி. இந்த நாட்டின் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கிறது. அது வந்தவர்களிடமிருந்து பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவதை எங்கள் குடும்பங்கள் கண்ணால் பார்க்கின்றன. 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், விரும்பிய மொழியில் பேசவும் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் முதியவருக்கு உரிமை தருகிறது. கருத்துக் கேட்கும் நாளிலும் அந்த உரிமை வேண்டும். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பவரின் குரல் காது மந்தமானவருக்கு எட்டாது. மொழிபெயர்ப்பாளர் நேரில் வர வேண்டும். பிள்ளைகளை அரைமணி நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். நான் முதல் ஆளாக எழுந்து போகிறேன்.

அடுத்த கருத்துக்கணிப்புக்கு முன் இந்த மாற்றங்களில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று பகிரங்கமாகப் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இல்லத்தில் வாழும் ஒரு தாயின் மகள்,
சிட்னி