ராமுவுக்கு: ஜெயித்த பணம் கைக்கு வருவது பற்றி

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஏ லெவல் பரீட்சை நெருங்குகிறது. வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, செல்வி மகன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த பெட்டிங் ஆப்பில் அவன் கணக்கில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் காட்டுகிறது, எடுக்கப் போனால் முதலில் முப்பது சதவீதம் வரியைக் கட்டு என்கிறார்கள், கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே ராமு. ஒரு ரூபாய்கூடக் கட்டவிடாதே. ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு முப்பது சதவீதம் வரி என்பது உண்மைதான். 2023 ஏப்ரலில் அப்படி ஒரு விதி வந்தது. ஆனால் அது டிடிஎஸ். பணம் கொடுக்கிறவன் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். உன் சம்பளத்தில் அப்படித்தானே பிடித்தார்கள்? ஜெயித்தவன் தன் கையிலிருந்து முதலில் லட்ச ரூபாயைக் கொண்டுவந்து போட வேண்டும் என்று எந்த வரிச் சட்டமும் சொல்லவில்லை. இன்று வரி என்று கட்டினால் நாளைக்கு ப்ராசஸிங் சார்ஜ் என்பான், அப்புறம் கணக்கு முடங்கிவிட்டது, திறக்க டெபாசிட் போடு என்பான். திரையில் தெரிகிற அந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரம் அவனே தட்டச்சு செய்த எண்ணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இங்கே இங்கிலாந்தில் இந்த மாதிரித் தகராறை யார் தீர்த்து வைக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சனிக்கிழமைகளில் இங்கே நம் ஆட்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன் இல்லையா, அங்கே கவுன்சில் வரி, விசா விவகாரங்களுக்கு நடுவே பெட்டிங் கம்பெனி பணம் தரவில்லை என்று கையில் போனோடு வருகிறவர்களும் உண்டு. வெட்கப்பட்டு, மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்துதான் வாயைத் திறப்பார்கள்.

இங்கிலாந்தில் 1845இல் ஒரு சட்டம் போட்டார்கள். பந்தயம் கட்டி ஜெயித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று. பந்தயம் நடத்துகிற புக்கி தந்தால் உண்டு, தராவிட்டால் அவன் பெயரைக் கெடுக்கலாம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட 160 வருஷம் அதுதான் நிலைமை. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் பந்தயமும் மற்ற ஒப்பந்தங்களைப் போல ஒரு ஒப்பந்தம், அதைக் காட்டி வழக்குப் போடலாம் என்றானது. நம் ஊரில் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு இன்றும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது.

வழக்குப் போடலாம் என்றான பிறகு என்ன ஆனது என்பதற்கு மூன்று வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2018 ஜனவரி. ஒருவர் பெட்ஃபிரெட் என்கிற பெட்டிங் கம்பெனியின் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தை போனில் மணிக்கணக்காக ஆடுகிறார். கணக்கில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏறிவிடுகிறது. அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறார். எடுக்கப் போனால், சாஃப்ட்வேரில் கோளாறு, கோளாறு வந்தால் பணம் கிடையாது என்று விதியில் இருக்கிறது என்றது கம்பெனி. 60,000 பவுண்டு தருகிறோம், வெளியே பேசாதே என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். 2021 ஏப்ரலில் நீதிபதி ஃபாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். அந்த விதிகள் தெளிவாக இல்லை, நெருக்கி அச்சடித்த பத்திகளுக்குள் புதைந்து கிடக்கின்றன, வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி வைக்கவில்லை, ஆகவே அவற்றைக் காட்டித் தப்பிக்க முடியாது, முழுப் பணத்தையும் கொடு என்று. மூன்று வருஷம் ஆனது, ஆனால் கிடைத்தது.

இரண்டாவது, தோட்டவேலை செய்கிற ஒரு பெண்மணி. 2020 அக்டோபரில் பேடி பவர் என்கிற பெட்டிங் கம்பெனியின் ‘வைல்ட் ஹேட்டர்’ ஆட்டத்தில் சக்கரம் சுழன்று பெரிய ஜாக்பாட்டில் நிற்கிறது. ஏறக்குறைய 11 லட்சம் பவுண்டு. கணக்கில் வந்ததோ இருபதாயிரத்துச் சொச்சம். சர்வரில் விழுந்தது சின்னத் தொகையான தினசரி ஜாக்பாட்தான், திரையில் ஓடிய படம் தப்பாகக் காட்டிவிட்டது என்றது கம்பெனி. 2025 மார்ச்சில் நீதிபதி ரிச்சி அதை ஏற்கவில்லை. திரையில் காட்டுவது சரியாக இருக்கும் என்றுதான் வாடிக்கையாளர் நம்பி ஆடுகிறார். கம்பெனி சரியாகச் சோதித்துப் பார்க்காததன் பாரத்தை அவர் தலையில் ஏற்ற முடியாது என்று அந்த அம்மாள் பக்கம் தீர்ப்பளித்தார்.

எல்லோரும் ஜெயிக்கவில்லை. மூன்றாவது வழக்கில் லாட்டரி நடத்திய கேமலாட் கம்பெனியின் ஐந்து பவுண்டு ஆன்லைன் ஆட்டம். 2015இல் ஒரு பெண்மணிக்குத் திரையில் இரண்டு ஜோடி எண்கள் பொருந்தின. ஒரு ஜோடி பத்து பவுண்டுக்கு, இன்னொன்று பத்து லட்சத்துக்கு. கம்பெனி பத்துதான் தந்தது. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விதிகளை ஏற்கிறேன் என்று அவர் பொத்தானை அழுத்தியிருந்தார், அந்த விதிகளில் கம்பெனியின் பதிவில் உள்ள முடிவுதான் செல்லும் என்று இருந்தது, அது நியாயமான விதிதான் என்பது நீதிமன்றத்தின் பார்வை. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் இரண்டும் இதுவும் ஒரே மாதிரிதான் தோன்றும். விதியை எப்படி எழுதியிருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இத்தனை லட்சமும் தொங்குகிறது. எனக்கு அந்தக் கடைசித் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. விளையாடக் கொடுத்த திரையே பொய் சொன்னால் சாமானியன் வேறு எதைப் பார்ப்பான்?

ஆனால் லட்சக்கணக்கான வழக்கு யாரோ ஒருவருக்குத்தான். என் மேஜைக்கு வருவது இருநூறு, நாலாயிரம் என்கிற தகராறுகள். போன வருஷம் வந்தவர் பஸ் ஓட்டுகிறவர், தஞ்சாவூர் பக்கம். ஃபுட்பால் மேட்ச்களில் ஏழெட்டைச் சேர்த்துக் கட்டி நாலாயிரம் பவுண்டு போல ஜெயித்திருந்தார். கம்பெனி பாஸ்போர்ட் கேட்டது, கொடுத்தார். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டது, கொடுத்தார். உடனே கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. பேங்கில் அது வெறும் இனிஷியல். வேறொருவர் பேங்க் கணக்குக்குப் பணம் கேட்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நம் பெயர் வைக்கும் முறையை ஒரு பக்கத்தில் விளக்கி, பேங்கிலிருந்து இரண்டும் ஒருவர்தான் என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்து, முறையான புகாராக அனுப்பினோம். அவர் அந்தக் கணக்கில் மாதக்கணக்காக டெபாசிட் போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் இந்தப் பெயர் யார் கண்ணையும் உறுத்தவில்லை. ராமு, எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பணம் உள்ளே போகும்போது ஒரு கேள்வியும் இல்லை, வெளியே வரும்போது மட்டும் ஆயிரம் கேள்வி. இங்கே 2019 மே மாதத்திலிருந்து, விளையாட விடுவதற்கு முன்பே வயதையும் அடையாளத்தையும் சரிபார்த்துவிட வேண்டும் என்பது பெட்டிங் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் சூதாட்ட ஆணையத்தின் விதி. முன்னாடியே கேட்டிருக்கக் கூடியதைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாக்கக் கூடாது. எங்கள் கடிதத்தில் அந்த விதியையும் எடுத்துச் சொல்லியிருந்தோம். பணம் வந்துவிட்டது.

வராமல் போயிருந்தால் அடுத்த படி உண்டு. புகாரைத் தீர்க்கக் கம்பெனிக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் தீரவில்லை என்றாலோ, இதுதான் எங்கள் கடைசி முடிவு என்று கைவிரித்துவிட்டாலோ, வெளியே உள்ள ஒரு தீர்ப்பாளரிடம் போகலாம். அவர் யார் என்பதைக் கம்பெனியே விதியில் சொல்லியிருக்க வேண்டும். நமக்குச் செலவு கிடையாது. ஐபாஸ் என்கிற அமைப்பு 1998இலிருந்து இதைச் செய்கிறது. நேரில் விசாரணை எல்லாம் இல்லை, முழுக்கக் காகிதம்தான். நீ அனுப்பியதையும் அவர்கள் அனுப்பியதையும் விதியோடு வைத்துப் பார்ப்பார்கள். ஐந்துக்கு ஒன்று (ஒன்று கட்டினால் ஐந்து லாபம்) என்று போட வேண்டிய விலையைக் கைதவறி ஐம்பதுக்கு ஒன்று என்று போட்டுவிட்டு, பார்த்தாலே தெரிகிற பிழை என்று கம்பெனி பின்வாங்குவது, கம்பெனி தந்த போனஸைப் போல இத்தனை மடங்கு பணத்துக்கு ஆடினால்தான் பணம் எடுக்கலாம் என்கிற நிபந்தனை, ஒரே வீட்டில் இரண்டு கணக்கு, இப்படித்தான் தகராறுகள் வரும். ஆணையத்திடமே முறையிடலாமே என்பார்கள். ஆணையம் கம்பெனியின் லைசென்ஸைப் பார்க்குமே தவிர, உன் தனிப்பட்ட பணத்தை வாங்கித் தராது.

இத்தனையும் இங்கே லைசென்ஸ் வாங்கிய கம்பெனிக்குத்தான். செல்வி மகன் ஆடியது அப்படி இல்லை. பக்கத்தின் அடியில் ஏதோ தீவின் லைசென்ஸ் எண் போட்டிருக்கிறது, பணத்தை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு யுபிஐ ஐடிக்குப் போடச் சொன்னார்கள், பேசுவது எல்லாம் வாட்ஸ்அப்பில் என்று எழுதியிருக்கிறாய். அதில் தீர்ப்பாளர் என்று யாரும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆகவே ஜெயித்த பணத்தைக் கேட்பது என்ற பேச்சை விட்டுவிடு. ஏமாற்றிப் பிடுங்கிய பணம் என்றுதான் போக வேண்டும்.

1930க்கு போன் போடு. சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். நாள் கடந்தால் அது பத்துக் கணக்கு மாறிவிடும். அதற்கு முன்னால் அவன் போனில் இருப்பதை எல்லாம் எடுத்து வை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பேங்க் தருகிற யுடிஆர் எண், வாட்ஸ்அப் உரையாடல் முழுதும், வரி கட்டு என்று வந்த செய்தி, கணக்கில் தொகை காட்டும் திரை. கோபத்தில் ஆப்பை அழித்துவிடப் போகிறான், சொல்லி வை. புது மத்தியச் சட்டம் ஆடியவனைத் தண்டிக்க வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022ஆம் வருஷச் சட்டத்தில் ஆடுகிறவனுக்கும் தண்டனை இருக்கிறது. அதனால் நம் பழைய வகுப்புத் தோழன் வக்கீல் இருக்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட்டுவிடாதே.

இன்னொன்று. பையனைத் திட்டித் தீர்க்க வேண்டாம் என்று செல்வியிடம் சொல். எங்கெல்லாம் கடன் வாங்கியிருக்கிறான் என்பதை அவனே உட்கார்ந்து எழுதும்படி பக்குவமாகக் கேளுங்கள். லோன் ஆப் ஏதாவது இருந்தால் அதையும். இப்போது அவன் மறைத்து வைக்கிற கடன்தான் அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும். என் மேஜைக்கு வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை, நம் பிள்ளைகள் யாரும் கட்ட வேண்டாம் என்றுதான் ஆசைப்படுகிறேன். இருந்தாலும் இதில் மாட்டிக்கொண்டவனைக் குற்றவாளி மாதிரி உட்கார வைப்பதை என்னால் பார்க்க முடியாது.

எடுத்து வைத்ததை எல்லாம் எனக்கும் அனுப்பு. புகாரை எப்படி எழுதுவது என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் சாயங்காலம் கூப்பிடுகிறேன், பையனையும் பக்கத்தில் இருக்கச் சொல். அம்மாவிடம் ஆடி மாதம் கட்டாயம் வருவேன் என்று சொல்.

அன்புடன்,
சண்முகம்