குழந்தைக்கு இடம் விடும் பாட்டு

அன்பு மகள் தேவிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பாட்டுப் போட்டால்தான் பிள்ளை சாப்பிட வாயைத் திறக்கிறான் என்று சலித்துக்கொண்டாயே, அந்தக் கார்ட்டூன் பாட்டுகளை நானும் உட்கார்ந்து கேட்டேன். பெரிய குறை ஒன்றுமில்லை, மூச்சு விடத்தான் இடமில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அவன் கண் கொட்டாமல் பார்க்கிறான், சரி. ஆனால் கூடப் பாடுகிறானா? அதற்காகப் போனை ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதே, வீடு இரண்டுபடும். பாட்டை மட்டும் மாற்றிப் பார்.

பெரிய கம்பெனிகளை நம்பாமல், சின்ன லேபிள்களிலோ சொந்தக் காசிலோ குழந்தைகளுக்கென்றே பாட்டு வெளியிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் சிகாகோவின் 'எல்லா ஜென்கின்ஸ்' என்ற பாடகி. 1957-ல் ஃபோக்வேஸ் என்ற சின்ன லேபிளில் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. 2024-ல், நூறு வயதில், காலமானார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். அவ்வளவுதான் வித்தை. அந்த நிறுத்தத்தில்தான் பிள்ளை உள்ளே வருகிறான். ஃபோக்வேஸை 1987-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் எடுத்துக்கொண்டபோது, பழைய தட்டு எதையும் விற்பனையிலிருந்து நிறுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். அதனால் நான் பிறந்த காலத்துப் பாட்டும் உன் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இது நம் மொரீஷியஸுக்குப் புதிதா என்ன? உன் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, விடுகதை போட "சிரான்டான்!" என்று குரல் கொடுத்ததும், நீங்களெல்லாம் "சாம்பெக்!" என்று கத்துவீர்களே. நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. தொங்கும் தண்ணீர்? தேங்காய். விடை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் முந்திக்கொண்டு சொல்வதற்கு அப்படி ஒரு அடிதடி!

நம் போ பாசேன் ஊரின் அபைம் பாட்டுக் குழுவையும் தேடிப் போட்டுக் காட்டு. அங்கே பார்க்லியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பிள்ளைகளையே பாடவும் ராவான் மேளம் தட்டவும் விடுகிறவர்கள். பெரியவர்கள் குழந்தைக் குரலில் கொஞ்சுவது அதில் கிடையாது. எனக்கு அந்தக் கொஞ்சல் ஆகவே ஆகாது. ராவானைத் தட்டுவதற்கு முன் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டுவார்கள், பார்த்திருக்கிறாய். தொளதொளவென்று இருந்த தோல் சூடேற ஏற விறைத்துக்கொள்ளும். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பக் காட்டுவார்கள். கடைசியில் 'டங்' என்று ஒரு சத்தம் எழும் பார், பக்கத்தில் நிற்கும் வாண்டுகளுக்குக் கால் தரையில் நிற்காது. அப்படிச் சூடேற்றும் வீடியோ ஏதாவது கிடைத்தால் முதலில் அதைக் காட்டிவிட்டு, பாட்டை அப்புறம் போடு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த காலத்தில் நான் கண்டது இது.

மும்பையில் பிறந்து நியூயார்க்கில் வாழும் பாடகி ஃபாலூவையும் கேள். நம் சாப்பாடு, மசாலா பற்றியெல்லாம் மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக 2018-ல் ஒரு ஆல்பமே போட்டார். இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் மூன்றும் அதில் கலந்து வரும். 2022-ல் வேறொரு குழந்தைகள் ஆல்பத்துக்குக் கிராமியும் வாங்கினார். பெர்த்தில் வளரும் உன் பிள்ளையும் நாளைக்கு அதே கேள்விகளைத்தானே கேட்கப்போகிறான்? தமிழில் இப்படி ஒருவர் கிடைத்தால் உடனே எனக்கு எழுது. இதுவரை என் காதுக்குப் பிடித்ததாக ஒன்றும் சிக்கவில்லை.

குழந்தைகளுக்குப் பாடும் கனடாவின் ராஃபியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே நூலகத்திலேயே இருப்பார். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்ய வேண்டியிருக்கும் என்பதற்காகத் தன் பாட்டு சினிமாவாகும் வாய்ப்பையே வேண்டாம் என்றவர்.

இவர்களைப் போன்றவர்கள் பலருடைய பாட்டு பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் கிடைக்கும். முழுசாகக் கேட்டுவிட்டு வாங்கலாம், பெரும்பங்கு பாடினவருக்கே போகும். ஒரேயடியாகப் பத்து வாங்கிக் குவிக்காதே. முதலில் நீயும் மாப்பிள்ளையும் கேளுங்கள். உங்களுக்கு எரிச்சல் வந்தால் அந்த ஆல்பம் வேண்டாம். காரில் நூறு தடவை கேட்கப்போவது நீங்கள்தான்.

மாராவான் என்ற நம் ஊர்க் கிலுகிலுப்பை ஒன்று செய்து அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். கரும்புப் பூத்தண்டு, உள்ளே விதைகள். ஆஸ்திரேலியாவில் விதை என்றாலே பார்சலை நிறுத்திவிடுவார்களாம். அதனால் அங்கேயே ஒரு செருப்புப் பெட்டியில் ஒரு பிடி பயறு போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி அவன் கையில் கொடுத்துவிடு. டேப்பை மட்டும் நன்றாக ஒட்டு, பயறை மூக்கில் போட்டுக்கொள்ளப் போகிறான்.

அன்புடன்,
அம்மா
ரோஸ் ஹில், மொரீஷியஸ்