பெயர் போடாத நன்றி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் இறால் உரிக்கும் பெண்களுக்கு, வேலையிடத்தில் பாலியல் தொல்லை வந்தால் புகார் கொடுப்பது எப்படி என்று வழிகாட்டிய அக்காவுக்கு நன்றி. பெயரைப் போட்டால் மேஸ்திரிமார் அவரைத்தான் முதலில் தேடுவார்கள், அதனால் போடவில்லை.

புகாருக்கு முன்னால் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள் என்பார் அவர். ஆபாச மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான இன்னொரு போனுக்கும் அனுப்பிவிட வேண்டும். தேதி, நேரம், பக்கத்தில் நின்றவர் பெயரை அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும்.

வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், 6 நகல் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடமென்றாலோ, முதலாளி மீதே புகாரென்றாலோ மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். விசாரணை முடியும்வரை இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம். பயத்தில் வேலையை விடுகிற பலருக்கு இது தெரிவதே இல்லை. உங்கள் கையில் வைக்கும் நகலில், புகார் கிடைத்ததற்கான முத்திரை வாங்காமல் திரும்பினால், பிறகு 'புகாரே வரல' என்பார்கள்.