தராசுல பால் பாக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தினமும் உங்க பேப்பர்ல கோயம்பேடு காய்கறி விலை போடுறீங்க, நானும் அதை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் தெருவுல வர்ற தள்ளுவண்டிக்காரர்கிட்ட அஞ்சு ரூபா பத்து ரூபாவுக்கு பேரம் பேசிட்டு ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்துடுவேன். விலையைக் குறைச்சோம் சரி, எடை எவ்ளோ வந்துச்சுன்னு இத்தனை வருஷமா நான் பார்த்ததே இல்ல. பேத்தி கேக் செய்யறேன்னு ஒரு குட்டி டிஜிட்டல் தராசு வாங்கி வெச்சிருக்கா, சும்மா இருக்கேன்னு ஒருநாள் கால் கிலோ பீன்ஸை அதுல கொட்டிப் பார்த்தா 190 கிராம் காட்டுது. தராசு தப்புன்னு நெனச்சு பிரிக்காத உப்பு பாக்கெட்டை வெச்சா அது சரியா காட்டுது.

அடுத்த நாள் காலையில பால் பூத்துல இருந்து வர்றப்போ அதே வண்டி நிக்குது. என் கையில ஆவின் அரை லிட்டர். பால் தண்ணிய விட கொஞ்சம் கனம்ங்க, அரை லிட்டர் பாக்கெட் கவரோட சேர்த்து 520 கிராம் பக்கம் நிக்கும், இதையும் கேக் தராசுலதான் பார்த்து வெச்சிருந்தேன். "தம்பி ஒரு நிமிஷம்"னு பாக்கெட்டை அவர் தட்டுல வெச்சேன். 580. அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "தட்டு வெயிட்டு சார், ஜீரோ பண்ண மறந்துட்டேன்"னு பட்டனை அமுக்கினார். விஷயம் இவ்ளோதான், தட்டை எடுத்துட்டு மெஷினை ஆன் பண்ணா வெறும் மெஷினுக்குத்தான் ஜீரோ வரும், அப்புறம் காயோட தட்டைத் தூக்கி வெச்சா தட்டோட 60 கிராமையும் காய் விலைக்கு நாம வாங்கிக்கறோம். காயை அள்ளிப் போட்ட பிறகுதானே நம்ம கண்ணு டிஸ்ப்ளே பக்கம் போகுது, போடறதுக்கு முன்னாடி அங்க என்ன நம்பர் இருந்துச்சுன்னு யார் பார்க்கிறா?

இதுல எனக்கு வயிறு எரியற இடம் ஒண்ணு இருக்கு. அந்த 60 கிராம் எல்லாருக்கும் ஒரே 60 கிராம்தான். அஞ்சு கிலோ வெங்காயம் வாங்கறவருக்கு அது ஒண்ணுமே இல்ல, நூத்துக்கு ஒண்ணேகால் கூட வராது. ஒரு கிலோ வாங்கினா நூத்துக்கு ஆறு. கால் கிலோ வாங்கற அம்மாவுக்கு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு போச்சு. காசு கம்மியா இருக்கறதாலதானே கால் கிலோ வாங்கறாங்க, அவங்களுக்குத்தான் அடியும் அதிகம். பத்து பேர் நிக்கிற இடத்துல கால் கிலோ வாங்கிட்டு ஜீரோவைக் காட்டுங்கன்னு கேக்கவும் கூச்சப்படுவாங்க.

எங்க அப்பா சைதாப்பேட்டையில மளிகைக்கடை வெச்சிருந்தவர், அதனால இந்த வித்தையெல்லாம் எனக்குப் புதுசு இல்ல, மறந்துட்டேன் அவ்ளோதான். அப்போ கைத்தராசு, இரும்புப் படிக்கல்லு. கல்லுக்கு அடியில ஒரு குழி, அதுல ஈயம், ஈயத்து மேல முத்திரை. ஈயத்தைச் சுரண்டி எடுத்தா கல்லு இளைச்சுடும், ஆனா பார்வைக்கு அதே கல்லுதான். அப்பா பொட்டலம் கட்டற பேப்பர்ல ஒண்ணை கல்லு பக்கமும் போடுவார், பேப்பருக்கு ஏன்டா காசு வாங்கணும்பார். எங்க பாட்டி கடைசி வரைக்கும் புளியை வீசையிலதான் கேப்பாங்க, ஒரு வீசைன்னா 40 பலம், இப்போ கணக்குக்கு 1 கிலோ 400 கிராம். கிலோ வந்ததே 1956 சட்டத்துக்கு அப்புறம்தானே, அதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு படி. அந்தப் படியையும் தலைதட்டி அளக்கறதா கோபுரமா அளக்கறதான்னு தனிச்சண்டை வேற நடக்குமாம்.

அப்பா பேப்பர் கதையைச் சொன்னதும் ஸ்வீட் கடை ஞாபகம் வருது. ஏசி, கண்ணாடி, யூனிஃபார்ம் போட்ட பசங்க, ஆனா தராசுல முதல்ல டப்பாவை வெச்சு ஜீரோ பண்ணாம டப்பாவோடயே எடை போடறாங்க. கெட்டி அட்டை டப்பா ஒண்ணு 50 கிராம் இருந்தா, கிலோ 800 ரூபா ஸ்வீட்டுக்கு அந்த அட்டை மட்டும் 40 ரூபா. டப்பாவைச் சேர்க்காம எடை போடணும்ங்கறதுதான் சட்டம். தீபாவளிக்கு நான் ஒரு பெரிய கடையில கேட்டேன், "எல்லாருக்கும் இப்படித்தான் சார்"னு பதில் வந்துச்சு. உண்மையைச் சொன்னா வண்டிக்காரர் மேல வந்த கோவத்தை விட இவங்க மேலதான் எனக்கு அதிகமா வந்துச்சு. வண்டிக்காரராவது கடைசியில ஒரு கொத்து கருவேப்பிலை கொசுறு போட்டார். அவர் தரப்பும் ஒண்ணு இருக்கு, மார்க்கெட்டுல பெட்டி கணக்குல எடுத்துட்டு வந்து பிரிச்சா அதுலயே கிலோ கணக்குல கம்மியா இருக்குது, அடியில அழுகல் வேற, நான் யார்கிட்ட போய் கேக்கறதுன்னு கேட்டார். நியாயம்தான், ஆனா அதுக்கு கால் கிலோ பீன்ஸ் வாங்கற அம்மா என்ன பண்ணும்?

பூக்காரம்மா விஷயத்துக்கு நான் போகல. அவங்க கைக்கு ஒரு முழம், என் கைக்கு முக்கா முழம், அதைப் பேசினா எங்க வீட்டுலயே எனக்கு சப்போர்ட் கிடையாது.

நடுவுல ஒரு நாள் பழைய பேப்பர்காரர் வந்தார். இங்க கணக்கு தலைகீழ், அவர் வாங்கறவர், அதனால மெஷின் கம்மியா காட்டினாதான் அவருக்கு லாபம். கொக்கி தராசு. மறுபடி பால் பாக்கெட்டை ஒரு பையில போட்டு மாட்டினேன், 400 கூட காட்டல. "பேட்டரி வீக் சார்"ன்னார். பேட்டரி வீக்கானா அவர் பக்கமாவே வீக்காகுது பாருங்க.

கேஸ் சிலிண்டருக்கும் இதே கதைதான். உள்ள கேஸ் 14.2 கிலோ இருக்கணும், காலி சிலிண்டர் எடை அது மேலயே எழுதியிருக்கும், ரெண்டையும் கூட்டி எடை போட்டு சரி பார்க்கறது டெலிவரி பண்றவர் வேலை, அதுக்கு அவர் தராசு கொண்டு வரணும். எங்க தெருவுக்கு வந்த தராசை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பெட்ரோல் பங்க்குல ஜீரோ பார்க்கணும்னு எல்லாருக்கும் தெரியும், சந்தேகம் இருந்தா அங்க இருக்கற 5 லிட்டர் கேன்ல அளந்து காட்டச் சொல்லலாம்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது, அளக்க மாட்டேன்னு அவங்க சொல்லக் கூடாது.

எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், அந்த சர்டிபிகேட்டை கஸ்டமர் கண்ணுல படற மாதிரி மாட்டணும். நம்ம மாநிலத்துல இதைப் பார்க்கறது தொழிலாளர் துறை. முத்திரை ஆய்வாளர் ஒருத்தர் எத்தனை கடை, எத்தனை தள்ளுவண்டின்னு சுத்துவார்? அதனால நான் ரெய்டு கேக்கல. ஒவ்வொரு மார்க்கெட் வாசல்லயும் முத்திரை போட்ட பொதுத் தராசு ஒண்ணு வைங்க, வாங்கினவங்க போற வழியில பையை வெச்சுப் பார்த்துட்டுப் போகட்டும். உழவர் சந்தையில விவசாயிகளுக்கு அரசாங்கமே தராசு கொடுக்குது, வாங்கறவங்களுக்காக வாசல்ல ஒண்ணு வைக்கறது பெரிய செலவா? நீங்களும் விலைப்பட்டியலுக்குக் கீழ "தட்டு வெச்ச பிறகு ஜீரோ பாருங்க"ன்னு ஒரு வரி போட்டீங்கன்னா புண்ணியமா போகும். புகார் பண்ணணும்னா 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அந்த நம்பரையும் பக்கத்துல போட்டுடுங்க.

இப்போல்லாம் நான் வர்றதைப் பார்த்ததும் வண்டிக்காரர் அவராவே தட்டை வெச்சு ஜீரோ பண்ணிட்டு "வைங்க சார் பாலை"ங்கறார். வீட்டுலதான் பிரச்சினை. போன மே மாசம் வெயில்ல தராசுகிட்ட நின்னு ஞாயம் பேசிட்டு வந்ததுல பால் திரிஞ்சு போச்சு, அன்னையில இருந்து பால் வாங்கற வேலை என்கிட்ட இல்ல. உப்பு பாக்கெட் எடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டை வாசகர் ஒருவர்,
சென்னை