வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தமிழ்த் தாள் கொடுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கீமோ வார்டுகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். என் அம்மாவின் தொடையில் இருந்த கட்டி சார்கோமா என்று தெரிந்து டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்ற ஆரம்பித்தபோது அவருக்கு வயது 58. தசை, கொழுப்பு மாதிரி மென்திசுக்களில் வருகிற புற்றுநோய் இது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். மார்பகப் புற்று என்றால் தெருவில் யாராவது ஒருவர் அனுபவம் சொல்வார். எங்களுக்குக் கேட்க ஆளில்லை. நீங்கள் சொல்வது மட்டும்தான்.

முதல் ஊசி போட்டு வந்த அன்று இரவு அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்துக்கொண்டார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். அந்த மருந்தே செக்கச்செவேல் என்றுதான் இருக்கிறது. அதன் நிறம்தான் சிறுநீரில் வருகிறது, ஓரிரு நாளில் போய்விடும் என்று ஒரு வரி முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் எங்களை உலுக்கியது காய்ச்சல்தான். பதினோராம் நாள் உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கொடுத்தோம், இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி கொடுத்தோம். மறுநாள் மாலை கூப்பிட்டால் பதில் இல்லை. ஐசியுவில் ஐந்து நாள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், மருந்து ஏறிய 10 முதல் 14 நாளுக்குள்தான் அடிமட்டத்துக்குப் போகும், 21ஆம் நாள் வாக்கில்தான் மீளும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். அந்த நாட்களில் வரும் காய்ச்சலை மாத்திரை போட்டு அமுக்கவே கூடாதாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே சிஸ்டர் இத்தனை படுக்கைகளுக்கு நடுவே ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நின்று பேச உங்களுக்கு நேரமில்லை. அதனால்தான் தாள் கேட்கிறேன்.

அதில் இன்னும் சில விஷயங்கள் வேண்டும். மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே சொல்லணும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மருந்து வெளியே கசிந்தால் சதையே வெந்து புண்ணாகிவிடும். எங்கள் அம்மா தலைமுறையினர் "ஊசின்னா வலிக்கத்தானே செய்யும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். அப்புறம், இதுவரை ஏறிய மொத்த அளவு. இதயத்தைப் பாதிக்கும் என்பதால் இந்த மருந்துக்கு வாழ்நாள் வரம்பு உண்டு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. ஒரு தடவைக்கு 75 வீதம் ஏற்றினால் ஆறு தடவையிலேயே 450 வந்துவிடும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போய் நிற்கும்போது இந்தக் கணக்கு நோயாளி கையில் இருக்க வேண்டாமா? இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனை எதற்கு எடுக்கிறீர்கள் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரியும்.

இரண்டாம் தடவை முடிந்து கிளம்பும்போது ஒரு சிஸ்டர், மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: "100.4 வந்தா மாத்திரை போடாம உடனே வரணும். ராத்திரின்னாலும்." கீழே வார்டு போன் நம்பர். அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். நான்காம் தடவையில், பன்னிரண்டாம் நாள், இரவு இரண்டு மணிக்கு 101 காட்டியது. அந்த நம்பருக்குப் போன் செய்தோம், எடுத்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த முறை ஐசியு தேவைப்படவில்லை.

அந்தக் கவரில் இருந்ததை அச்சடித்து எல்லாருக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மகன்