‘குடிப்பழக்கம் உண்டா?’ – உண்மையைச் சொல்ல விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொது மருத்துவப் பிரிவிலும் எலும்பு முறிவுப் பிரிவிலும் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடி, போதைப் பழக்கம் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. அதைக் குடும்ப அவமானமாகப் பார்ப்பதால் வார்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவ்வளவாக வெளியே வருவதில்லை.

நோயாளியைச் சேர்க்கும்போது சில கேள்விகள் கேட்போம். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டால் மளமளவென்று பதில் வரும். “குடிப்பழக்கம் உண்டா?” என்றதும் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் முகம் மாறிவிடும். நோயாளி மனைவியைப் பார்ப்பார். மனைவி தலையைக் குனிந்துகொள்வார். கடைசியில் அண்ணனோ மாமாவோ முந்திக்கொண்டு, “அதெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் கிடையாது சிஸ்டர்” என்பார். நாங்களும் ‘இல்லை’ என்று எழுதிக்கொள்வோம்.

அப்படி ‘இல்லை’ என்று எழுதப்பட்ட ஒருவரை மறக்க முடியவில்லை. காலில் கம்பி வைத்து அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்க ஆரம்பித்தது. வியர்வையில் விரிப்பு நனைந்துவிட்டது. போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் யார் கண்ணுக்கும் எந்தப் பூச்சியும் தெரியவில்லை. டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கம்பி வைத்த காலை ஊன்றி எழப் பார்த்தார். “ஏதோ தப்பான ஊசி போட்டுட்டீங்க” என்று உறவினர்கள் சத்தம் போட்டார்கள். நான் மருந்து எடுக்கப் போனபோது அவர் மனைவி பின்னாலேயே வந்து, “தினமும் குடிப்பார் சிஸ்டர். காலையிலேயே ஆரம்பிச்சிடுவார். அன்னிக்கு எங்க அப்பா பக்கத்துல நின்னாரு, சொல்ல முடியல” என்றார்.

முதல் நாளே அது தெரிந்திருந்தால் நிலைமை இவ்வளவு தூரம் போயிருக்காது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் பதற்றமும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு இப்படிப் புத்தி தடுமாறும். இதை டெலிரியம் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடலாம். லோராசிபாம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, கூடவே தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகத் தாண்டிவிடலாம். இதெல்லாம் எந்த மருத்துவருக்கும் தெரிந்த சாதாரண வைத்தியம். நோயாளி குடிப்பவர் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே அவமானம்தான் சில குடும்பங்களை வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வைக்கிறது. நாலு பேருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஆளை அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

ஹெராயின் போன்ற போதையில் ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் நிறுத்தியிருந்தால் உடல் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும். மறுபடி பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நலாக்சோன் மருந்தை உடனே கொடுத்தால் மூச்சு திரும்ப வாய்ப்புண்டு. ஆனால் அந்த நேரத்தில் கூட இருப்பவர் போலீசுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து ஓடிவிடுகிறார். பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தூக்க மாத்திரைக்கோ குடிக்கோ அடிமையான பெண் வாயே திறப்பதில்லை. திறந்தால் குழந்தைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்.

இது நோய்தான் என்பதும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. குடிநோயாளிகளை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1935ல், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பாப் ஸ்மித் அறுவை சிகிச்சை மருத்துவர். அவரே குடிநோயிலிருந்து மீண்டவர். படித்தவருக்கு வராது, நல்ல குடும்பத்தில் வராது என்பதெல்லாம் வெறும் பேச்சு. உலகம் முழுவதும் சுமார் 40 கோடிப் பேருக்கு மதுவால் வரும் இந்தப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019ல் மட்டும் மதுவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 26 லட்சம் பேர்.

எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை ஏறி மறுபடி வருகிறவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்து அனுப்புகிறோம். குடித்துவிட்டு மறுபடி வருகிறவரிடம் “திரும்பவும் வந்துட்டியா?” என்று வார்டே கேட்கும்படி கத்துகிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன், புப்ரெனார்பின் இருக்கின்றன. ஆனால் முதல் தடவையே அசிங்கப்பட்டுப் போனவர் இவற்றைக் கேட்டு இரண்டாம் தடவை வரமாட்டார். அப்புறம் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீருமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள் இது: இந்தக் கேள்வியை உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாதாரணக் குரலில் கேளுங்கள். “கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு?” என்று சேர்த்துக் கேளுங்கள். வீட்டாருக்கு: எல்லோர் முன்பும் சொல்ல முடியாவிட்டால் செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதியாவது கொடுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், குடியைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் ஆபத்து அறிகுறிகளை ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுத வைத்து வெளியிட்டால் பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற செவிலியர், தங்கள் வாசகி